ஆள்பலம் இருந்தும் புல் ரன்னில் வடக்கு தோற்றது எப்படி?

வேலந்தாவளம் மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். கோவையில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன், தினமும் எல்லை தாண்டி பஸ்ஸில் போய்வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் சில மாதங்கள் பற்றி அடுத்த வாரம் செமினார் எடுக்க வேண்டும். 1861 ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டை மீது தெற்குக்காரர்கள் சுட்டதும், லிங்கன் 75,000 பேரைக் கூப்பிட்டதும் புரிகிறது. ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் புல் ரன் என்கிற சிற்றாற்றின் கரையில் நடந்த சண்டைதான் இடிக்கிறது. வடக்கின் தளபதி மெக்டவலிடம் 35,000 பேர், எதிரே மனாசஸ் ஜங்ஷனில் தெற்கின் தளபதி போரகார்டிடம் 22,000 சொச்சம். அப்புறம் எப்படித் தோற்றார்கள்? எந்த நோட்ஸைப் புரட்டினாலும் "பயிற்சி இல்லாத படை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எதிரே நின்றவர்கள் மட்டும் பயிற்சி எடுத்துவிட்டா வந்தார்கள்?

தென்னந்தோப்பு:
லிங்கனும் மெக்டவலிடம் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார், நம்ம ஆட்களும் பச்சை, அவர்களும் பச்சை, கிளம்பு என்று. ஆனால் வடக்கில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் 90 நாள் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஏப்ரலில் சேர்ந்தவனுக்கு ஜூலையில் கெடு முடிகிறது. அந்தப் படை கலைவதற்குள் ஒரு சண்டை போட்டாக வேண்டும், பத்திரிகைகளும் தெற்கின் தலைநகர் ரிச்மண்டைப் பிடி பிடி என்று கத்துகின்றன. சண்டை நடந்த நாளிலேயே, கெடு முடிந்துவிட்டது என்று ஒரு பென்சில்வேனியா ரெஜிமெண்டும் நியூயார்க் பீரங்கிக் குழு ஒன்றும் வீட்டைப் பார்த்து நடையைக் கட்டின. பீரங்கிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது, இவர்கள் பாட்டுக்குப் போகிறார்கள்! அவசரம்தான் காரணம், வேறொன்றும் இல்லை.

பழைய கேபின்:
அவசரம் என்கிறார் தோப்புக்காரர். நான் தாமதம் என்பேன். முப்பத்தோரு வருடம் ரயில்வேயில் குப்பை கொட்டியவன், அந்தக் கண்ணில்தான் எனக்கு எல்லாம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மிணி, நம்ம பாலக்காட்டுக் கணவாயை மனதில் வைத்துக்கொள். மலைக்கு இந்தப் பக்கம் கோவையில் ஒரு படை, அந்தப் பக்கம் ஒலவக்கோட்டில் இன்னொன்று. மலை மறைக்கிறதால் யார் எப்போது கிளம்புகிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியாது. வர்ஜீனியாவில் அந்த மலை புளூ ரிட்ஜ். அதற்கு மேற்கே ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் தெற்கின் இன்னொரு தளபதி ஜான்ஸ்டன் பதினோராயிரம் பேரோடு இருந்தார். அவர் நகராதபடி பிடித்து வைப்பது வடக்கின் தளபதி பேட்டர்சனின் வேலை, அவரிடம் 18,000 பேர். ஆக நீ எண்ண வேண்டியது 35,000க்கு எதிரே 22,000 என்று அல்ல, அந்தப் பதினோராயிரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை.

மெக்டவல் வாஷிங்டன் பக்கத்திலிருந்து 16ஆம் தேதி கிளம்பினார். முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சென்டர்வில் போய்ச் சேர 18 ஆகிவிட்டது. நல்ல வெயில். பையன்கள் வரிசையை விட்டு இறங்கி, வேலியோரம் கறுப்புப் பழம் பறித்துத் தின்றுகொண்டும் கண்ட இடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டும் போனார்கள், யார் அதட்டியும் கேட்கவில்லை. அப்புறம் சாப்பாட்டு வண்டி வரட்டும், ஆற்றில் இறங்குதுறை எங்கே என்று பார்த்துக்கொள்வோம் என்று இன்னும் இரண்டு நாள். நம்ம ஊர் மாட்டுவண்டிகூட இதைவிடச் சீக்கிரம் போயிருக்கும்.

அதே 18ஆம் தேதி ஜான்ஸ்டன் நழுவினார். ஆஷ்பி கணவாய் வழியாக மலையைத் தாண்டி பீட்மாண்ட் ஸ்டேஷனில் ஆளை ஏற்றினார். அங்கிருந்து மனாசஸ் ஜங்ஷன் சுமார் 55 கிலோமீட்டர், போத்தனூர் ஒலவக்கோடு தூரத்தைவிடக் கொஞ்சம் கூட. ஜான்ஸ்டனுக்குக் கீழே இருந்த ஜாக்சனின் படைப்பிரிவை ஏற்றிய வண்டி அதைக் கடக்க எட்டு மணி நேரம் எடுத்தது. ஒற்றைத் தடம், எஞ்சினும் பெட்டியும் போதாது. கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காலி வண்டி திரும்பி வந்தால்தான் அடுத்த லோடு. இப்படித் தடவை தடவையாக அடித்துத்தான், சண்டை நடந்துகொண்டிருந்த 21ஆம் தேதி பிற்பகலில்கூட ஒரு பட்டாளம் வந்து இறங்கியது. மெக்டவல் 19ஆம் தேதி காலையிலேயே அடித்திருந்தால் இதில் ஒருத்தன்கூட வந்திருக்க மாட்டான்.

நம்ம கணவாய் வழியாக சென்னையிலிருந்து பேப்பூர் போகிற ரயில் தடம் சேர்ந்ததே 1862இல்தான், அதாவது அதே காலம். ரயில் அப்போது அவ்வளவு புதிது, அதை வைத்துச் சண்டைக்கு நடுவில் ஆளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

வேலந்தாவளம் மாணவி:
ஐயா, இது எந்த நோட்ஸிலும் இப்படி இல்லை. பேட்டர்சன் ஏன் விட்டுவிட்டார்?

பழைய கேபின்:
வயது அறுபத்தொன்பது. எதிரியிடம் உள்ளதைவிடப் பல மடங்கு ஆள் இருப்பதாக நம்பினார். 17ஆம் தேதி முன்னே போவதற்குப் பதில் சார்ல்ஸ் டவுனுக்குப் பின்வாங்கினார். அவருடைய ஆட்களுக்கும் 90 நாள் முடிகிற நேரம், அது ஒரு தலைவலி.

தென்னந்தோப்பு:
ரயில் கதையை நான் மறுக்கவில்லை. ஆனால் 21ஆம் தேதி காலையில் வடக்குதான் ஜெயித்துக்கொண்டிருந்தது, இதையும் செமினாரில் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பிய பக்கவாட்டுப் படை சட்லி துறையில் ஆற்றைக் கடந்து எதிரியின் இடப்பக்கம் இறங்கியது. கொடியசைத்துச் செய்தி சொல்கிற ஆள் ஒருவர் தூரத்தில் ஏதோ மின்னுவதைப் பார்த்து எச்சரித்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்படியும் மத்தியானத்துக்குள் ஹென்றி குன்று வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் குன்றில்தான் ஜாக்சன் நின்றார், 'கல்சுவர்' பட்டம் கிடைத்தது அங்கேதான். எதிரே வடக்கின் பீரங்கிகள். காட்டிலிருந்து நீலச் சட்டை போட்ட ஒரு ரெஜிமெண்ட் வருகிறது. வடக்கின் பீரங்கி அதிகாரி கிரிஃபின் சுடப் போகிறார், மேலதிகாரி, வேண்டாம், அவர்கள் நம்ம ஆட்கள் என்று தடுக்கிறார். வந்தது தெற்கின் வர்ஜீனியாக்காரர்கள். கிட்டத்தில் வந்து ஒரே வேட்டில் குதிரைகளையும் பீரங்கிக்காரர்களையும் சாய்த்துவிட்டார்கள். அன்றைக்கு இரு பக்கத்திலும் நீலம் உண்டு, சாம்பலும் உண்டு, ஊருக்கு ஊர் தைத்துப் போட்ட உடுப்பு.

வடக்கு ஓட்டம் பிடித்தது அதற்கப்புறம். வாஷிங்டனிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் அதே சாலையில். கப் ரன் பாலத்தில் ஒரு வண்டி கவிழ்ந்து அடைத்துக்கொண்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். வடக்கில் செத்தவர்கள் 460, தெற்கில் 387.

வேலந்தாவளம் மாணவி:
நன்றி அண்ணா. ஒரு சின்ன சந்தேகம். வடக்கின் தலைமைத் தளபதி ஸ்காட்டின் 'அனகோண்டா' திட்டத்தையும் இதில் சேர்க்கவா?

தென்னந்தோப்பு:
சேர்க்கலாம், ஆனால் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். கிழவர் சொன்னது துறைமுகங்களை அடைத்து மிசிசிப்பியைப் பிடித்து மெதுவாக நெரிப்பது, மூன்று மாத ஆட்களை வைத்து அதைச் செய்ய முடியாது. அன்றைக்குச் சிரித்தார்கள். 1862 பிப்ரவரியில் வடக்கின் தளபதி கிராண்ட், ஹென்றி, டொனல்சன் என்ற இரண்டு கோட்டைகளைப் பிடித்தபோது ஆற்று வழிதான் வேலை செய்தது. துறைமுகம் அடைபட்டதில் இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்கு நம்ம நாட்டுப் பருத்தி போய் விலை ஏறிய கதையும் உண்டு, கோவையில் பேசுவதால் அதைச் சொன்னால் எடுபடும்.

பழைய கேபின்:
ஒரு திருத்தம். ஜான்ஸ்டன் படை முழுக்க ரயிலில் வந்ததாக எழுதிவிடாதே அம்மிணி. காலாட்படை மட்டும்தான் வண்டி ஏறியது. ஸ்டூவர்ட்டின் குதிரைகளும் பீரங்கிகளும் ரோட்டு வழியாக வந்தன. படம் போடுவதாக இருந்தால் ரயிலுக்கு ஒரு கோடு, ரோட்டுக்கு ஒரு கோடு தனியாகப் போடு.