80 வயது வேட்பாளரின் மருத்துவக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

இளவேனில் (கேள்வி)

அமெரிக்க அதிபர் தேர்தல் என்றாலே இப்போது வயதுச் சண்டைதான் முன்னால் நிற்கிறது. 2024 ஜூன் 27 விவாத மேடையில் பைடன் தடுமாறினார். ஜூலை 21-ல் போட்டியிலிருந்தே விலகினார். அப்போது அவருக்கு 81 வயது. 2025 ஜனவரியில் பதவியேற்றபோது டிரம்புக்கு 78. பதவியேற்கும் நாளில் அவ்வளவு வயதான அதிபர் அதற்கு முன் இருந்ததில்லை.

இரண்டு தரப்பும் டாக்டர் கடிதத்தை வெளியிடுகின்றன. கடைசி வரியில் "பதவிக்கு முழுத் தகுதி" என்று இருக்கிறது. எதிர்த் தரப்பு இருபது விநாடி வீடியோவைப் போட்டு "ஆள் அவ்வளவுதான்" என்கிறது. இரண்டையும் நம்பாமல், விஷயத்தை மட்டும் பார்ப்பது எப்படி? கடிதத்தில் எதைத் தேட வேண்டும்? ஞாபகம், கவனம் போன்றவற்றைப் பார்க்கும் மோக்கா என்ற சிறு தேர்வில் 30-க்கு 30 வாங்கினால் அது எதைக் காட்டுகிறது? வீடியோவை வைத்து எதையாவது சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

நாடித்துடிப்பு

கடைசி வரியை முதலில் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். "தகுதியானவர்" என்பது முடிவு. அந்த முடிவுக்கு வர என்ன பார்த்தார்கள் என்பது அதற்கு மேலே இருக்க வேண்டும்: பரிசோதனையின் பெயர், செய்த தேதி, வந்த எண், சாப்பிடும் மருந்து.

2015 டிசம்பரில் டிரம்பின் சொந்த மருத்துவர் கொடுத்த கடிதத்தில் ரத்த அழுத்தம் போன்ற ஒன்றிரண்டு எண்கள் தவிர மீதியெல்லாம் புகழுரை. அதிபரானவர்களிலேயே இவர்தான் மிக ஆரோக்கியமானவராக இருப்பார் என்றுகூட அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை டிரம்பே சொல்லச் சொல்ல எழுதியதாக அதே மருத்துவர் 2018-ல் சொன்னார். இதற்கு நேர்மாறு 2018 ஜனவரியில் வெள்ளை மாளிகை மருத்துவர் கொடுத்த விவரம். அவரும் வாய்நிறையப் பாராட்டினார்தான். ஆனால் எண்களையும் கொடுத்தார்: எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 143, இதயத் தமனியின் கால்சியம் ஸ்கோர் 133, எடை 239 பவுண்டு. கால்சியம் ஸ்கோர் 100-ஐத் தாண்டினால் தமனிச் சுவரில் படிவு இருக்கிறது, கொலஸ்ட்ரால் மருந்து கண்டிப்பாகத் தேவை என்று எந்த இதய மருத்துவரும் படித்துவிடுவார். எண் இருந்தால் பாராட்டைத் தாண்டி நாமே பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்திலேயே அதிகம் பேசுவது மருந்துப் பட்டியல். "இதயம் நன்றாக இருக்கிறது" என்ற வரிக்குக் கீழே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து இருந்தால், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையோ முன்பு ரத்தக்கட்டோ இருந்திருக்கலாம். பைடனின் அறிக்கைகளில் அப்படிப்பட்ட மருந்தான அபிக்ஸாபான் இருந்தது. காரணமான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்பு ஒழுங்கின்மையையும் பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். அப்படித்தான் எழுத வேண்டும். தூக்க மாத்திரை, மனப்பதற்ற மாத்திரை, சிறுநீர்ப்பைக்கான சில மாத்திரைகள், அலர்ஜிக்குக் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகள் ஆகியவை பட்டியலில் இருந்தால் கவனியுங்கள். 75 வயதுக்கு மேல் இவை ஞாபகத்தையும் நடையையும் பாதிக்கலாம்.

அடுத்து, எந்தப் பரிசோதனை செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை என்பது. 2024 பிப்ரவரி 28 பரிசோதனையில் பைடனுக்கு விரிவான நரம்பியல் பரிசோதனை நடந்தது. விறைப்பான நடைக்கு முதுகெலும்புத் தேய்மானமும் பாத நரம்புகளின் பாதிப்பும் காரணமாகச் சொல்லப்பட்டன. பார்க்கின்சன் போன்ற நோய்களுக்கான அறிகுறி இல்லை என்றும் இருந்தது. ஆனால் ஞாபகம், கவனம், திட்டமிடல் ஆகியவற்றுக்கான அறிவாற்றல் தேர்வு அதில் இல்லை. தேவையில்லை என்று வெள்ளை மாளிகை சொன்னது. முட்டியில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் தசைவலு பார்ப்பதும் ஒன்று. ஐந்து சொற்களை ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வது வேறு. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பினார்கள். ஜூனில் வெடித்த சண்டையில் பாதி இந்தக் குழப்பத்திலிருந்து வந்தது.

இல்லாத பரிசோதனையெல்லாம் மறைத்தது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 மே மாதம் பைடனுக்கு எலும்பு வரை பரவிய புராஸ்டேட் புற்றுநோய் என்று அறிவித்தபோது, புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையைக் கடைசியாகப் பார்த்தது 2014-ல் என்று அவர் தரப்பு சொன்னது. 70 வயதுக்கு மேல் அறிகுறி இல்லாதவர்களுக்கு அந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்பதுதான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் 2018 பரிந்துரை. அதிபருக்கு அந்தப் பொது விதி போதுமா என்பது நியாயமான கேள்வி. சதி என்பதற்கு மட்டும் அது ஆதாரமாகாது.

"புற்றுநோய் இல்லை" என்ற வரியைக் கண்டால் "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். 1992-ல் வேட்பாளராக நின்ற பால் சோங்கஸ், 1986 எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு நோயற்றவர் என்று சொல்லப்பட்டார். 1987-ல் அக்குள் நிணநீர்க் கணுவில் நோய் திரும்ப வந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. 1997 ஜனவரி 18-ல் இறந்தார். ஜெயித்திருந்தால் முதல் பதவிக்காலம் முடிய இரண்டு நாள் பாக்கி.

செந்தாமரை

மோக்கா பற்றி. மொத்தம் 30 மதிப்பெண், சுமார் பத்து நிமிடம். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பது, கனசதுரம் வரைவது, கடிகாரம் வரைவது, மூன்று விலங்குகளின் பெயர் சொல்வது, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்குவது, ஐந்து சொற்களை நினைவில் வைத்துப் பின்னால் சொல்வது, தேதி, இடம். 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். 12 ஆண்டுகளுக்கு மேல் படிக்காதவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள்.

இது வடிகட்டும் தேர்வு. அறிவுத்திறனை அளக்கவோ பதவிக்குத் தகுதி பார்க்கவோ உருவாக்கப்பட்டதல்ல. 30 வாங்கியவருக்கு முற்றிய மறதிநோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அவ்வளவுதான். நன்றாகப் படித்த, நாற்பது ஆண்டு பேசிப் பழகிய ஒருவர் தொடக்கநிலைச் சரிவோடு 27, 28 வாங்கிவிட முடியும். அதே தாளைத் திரும்பத் திரும்ப எழுதினால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும். அதற்காகத்தான் மாற்று வடிவங்கள் இருக்கின்றன. எந்த வடிவம், யார் நடத்தினார், முந்தைய மதிப்பெண் என்ன என்று கேட்க வேண்டும். மூன்றாண்டுகளில் 30, 28, 26 என்று இறங்கும் ஒருவரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஆண்டுக்காண்டு 26-லேயே நிற்பவரைப் பற்றி அவ்வளவு இல்லை.

உண்மையில் தேவைப்படுவது நரம்பு உளவியலாளர் பல மணி நேரம் நடத்தும் முழு மதிப்பீடு. அதில் தீர்மானம் எடுக்கும் வேகம், தப்பை உணர்ந்து திருத்திக்கொள்வது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கையாள்வது எல்லாம் தனித்தனியாக வரும். வயதும் படிப்பும் ஒத்தவர்களோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். 75 வயதைத் தாண்டிய அரசியல்வாதிகளுக்கு மனத்திறன் தேர்வு வேண்டும் என்று அதிபர் வேட்பாளராகும் போட்டியில் இருந்த நிக்கி ஹேலி 2023-ல் சொன்னபோது விவாதம் "அவமானமா, இல்லையா" என்பதிலேயே முடிந்துவிட்டது. எந்தத் தேர்வு, யார் நடத்துவது, எவ்வளவு வெளியிடுவது என்பதுதான் பேச வேண்டியது. அதை அன்று யாரும் பேசாதது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆயுள் கணக்கையும் நிதானமாகப் பார்க்கலாம். அமெரிக்க ஆயுள் அட்டவணைப்படி 80 வயது ஆண் அடுத்த நான்கு ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. இது எல்லா 80 வயது ஆண்களுக்குமான சராசரி. புகை பிடிக்காத, கூடவே மருத்துவர் இருக்கும் ஒருவருக்கு இதைவிடக் குறைவு. ஆனாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வராது. துணை அதிபர் வேட்பாளரைத் துருவிப் பார்க்க இந்த ஒரு எண்ணே போதும்.

கூர்நோக்கு

வீடியோ பற்றிக் கேட்டிருந்தீர்கள். நோயைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது. கவனிக்க மட்டும் முடியும்.

பெயரை மறந்து அரை நிமிடம் கழித்துச் சொல்வது, ஒருவர் பெயரை இன்னொருவருக்குச் சொல்வது, பேச்சு மெதுவாவது எல்லாம் வயதானால் சாதாரணம். ஒரே பதிலை அதே உரையாடலில் புதிதுபோல் திரும்பச் சொல்வது, கேட்ட கேள்வியே பிடிபடாமல் போவது, பாதி வாக்கியத்தில் விட்டு அதை விட்டதே தெரியாமல் இருப்பது வேறு வகை. நடையில் அடி குறுகுவதும், ஒரு கை வீச்சு குறைவதும், திரும்பும்போது உடம்பு முழுவதும் ஒரே கட்டையாகத் திரும்புவதும் கவனிக்க வேண்டியவை. அதற்கும் முட்டுத் தேய்மானம், முதுகுப் பிரச்சினை, பாத நரம்பு என்று பத்துக் காரணம் இருக்கலாம்.

வெட்டிய துண்டைப் பார்க்காதீர்கள். எழுதி வைத்துப் படிக்காத, 45 நிமிடத்துக்குக் குறையாத ஒரு பேட்டியை முழுக்கப் பாருங்கள். ஆறு மாதம் முன்பு அதே நேரத்தில், அதே மாதிரிக் கேள்விகளோடு நடந்த இன்னொன்றைப் பக்கத்தில் வையுங்கள். சளி, தூக்கமின்மை, நீண்ட விமானப் பயணம், சிறுநீர்த் தொற்று எதுவாக இருந்தாலும் முதியவரை இரண்டு நாளைக்கு ஆளே மாறியதுபோல் காட்டும். 2023-ல் செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் ஜூலையிலும் ஆகஸ்டிலும் செய்தியாளர் முன்னால் பேச்சற்று உறைந்து நின்றார். ஒரு முறை நடந்தால் அன்றைய உடல்நிலை என்று சொல்லலாம். அதே மாதிரி இரண்டாம் முறை நடந்தால் விளக்கம் கேட்பதில் தப்பே இல்லை.

தூரத்திலிருந்து நோய் சொல்லும் மனநல மருத்துவர்கள் விஷயத்தில் 1964 நினைவிருக்கட்டும். அந்த ஆண்டு அதிபர் வேட்பாளராக நின்ற கோல்ட்வாட்டர் அதிபராக லாயக்கா என்று ஓர் இதழ் 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2,417 பேர் பதில் எழுதினார்கள், 1,189 பேர் லாயக்கில்லை என்றார்கள். அவரை யாரும் பரிசோதித்ததில்லை. கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். நேரில் பரிசோதிக்காமலும் ஒப்புதல் இல்லாமலும் பொதுமனிதரின் மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் விதி வைத்தது அதற்குப் பிறகுதான்.

இளவேனில்

மூவருக்கும் நன்றி. இன்னொன்று: இதையெல்லாம் வெளியிட வேண்டும் என்று சட்டப்படி யாரையாவது கட்டாயப்படுத்த முடியுமா? மேல் வயது வரம்பு வைக்க முடியாதா?

சாசனவாசகர்

இன்றைய நிலையில் முடியாது. அதிபருக்குக் குறைந்தது 35, செனட்டருக்கு 30, பிரதிநிதிகள் சபைக்கு 25 என்று அரசியல் சாசனம் சொல்கிறது. மேல் வரம்பு இல்லை. மாநிலங்கள் தாமாக காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) வேட்பாளர்களுக்குத் தகுதி கூட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்துவிட்டது. 2024 ஜூனில் வடக்கு டகோடா வாக்காளர்கள் காங்கிரஸ் வேட்பாளர்களுக்கு வயது வரம்பு கொண்டுவந்தார்கள். அந்தத் தீர்ப்பு இருக்கும்வரை அது நிற்பது கஷ்டம். அதிபருக்கு வரம்பு வேண்டுமென்றால் சாசனத் திருத்தம்தான்: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 38 மாநிலங்கள். இத்தனைக்கும் மாநில நீதிபதிகள் 70-ல் ஓய்வு பெற வேண்டும் என்ற மிசௌரி விதியை 1991-ல் ஏற்றுக்கொண்டது அதே நீதிமன்றம்தான்.

மருத்துவ விவரத்தை நோயாளி ஒப்புக்கொண்டால்தான் மருத்துவர் வெளியிட முடியும். ஆகவே வேட்பாளர் கொடுப்பதுதான் நமக்குக் கிடைக்கும். 2008-ல் அதிபர் வேட்பாளராக நின்ற 71 வயது மெக்கெய்ன் 1,173 பக்கங்களைச் செய்தியாளர்களுக்குத் திறந்து வைத்தார், மூன்று மணி நேரம் மட்டும். அது போதாது என்று குறை சொன்னார்கள். அதற்குப் பிறகு அவ்வளவுகூட யாரும் கொடுக்கவில்லை.

25-வது திருத்தத்தை இந்தச் சண்டையில் இழுப்பவர்களுக்கு: அது பதவியில் இருப்பவருக்கானது, வேட்பாளருக்கு அல்ல. அதிபரால் கடமையைச் செய்ய முடியவில்லை என்று அறிவிக்கும் அதன் 4-வது பிரிவுக்குத் துணை அதிபரும் அமைச்சரவையில் பெரும்பான்மையும் கையெழுத்திட வேண்டும். அதிபர் மறுத்தால் நான்கு நாளில் அவர்கள் மீண்டும் வலியுறுத்த வேண்டும். 21 நாளில் காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1967-ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்தப் பிரிவு ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.

நாடித்துடிப்பு

சாசனவாசகருக்கு ஒரு கூடுதல். வெளியிடச் சட்டம் போட்டால் மட்டும் போதாது. யார் பரிசோதிக்கிறார் என்பதையும் சேர்க்க வேண்டும். 1944 மார்ச்சில் அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்த இதய மருத்துவர் புரூயென் கண்டது ரத்த அழுத்தம் 186/108, வீங்கிய இதயம், இதயச் செயலிழப்பு. தலைமை மருத்துவர் வெளியே நலமாக இருக்கிறார் என்றார். நான்காம் முறை ஜெயித்த ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ல் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். பிரான்சில் அதிபர் மித்தரான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை உடல்நல அறிக்கை தருவதாக வாக்குக் கொடுத்தார், தந்தார். 1981 நவம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய் 1992 வரை அவற்றில் இல்லை. அறிக்கை ஒழுங்காக வந்துகொண்டிருந்ததுதான் மக்களை ஏமாற்றியது.

வெள்ளை மாளிகை மருத்துவர் பெரும்பாலும் ராணுவ அதிகாரி. அவருடைய நோயாளிதான் அவருடைய தலைமைத் தளபதியும். அப்படிப்பட்டவரிடம் கெட்ட செய்தியை எழுதி வெளியிடச் சொல்வது மனிதருக்கு வைக்கும் நியாயமான சோதனை அல்ல. வேட்பாளரோ கட்சியோ நியமிக்காத மூவர் குழு, முன்கூட்டியே அறிவித்த பரிசோதனைப் பட்டியல், வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கு 60 நாள் முன்பு ஒன்று, அதற்கு முந்தைய ஆண்டு ஒன்று என்று இருந்தால், எண்களை ஒப்பிடவும் முடியும், கட்சி வேறு ஆளைத் தேடவும் நேரம் இருக்கும். 2024-ல் அந்த நேரம்தான் இல்லாமல் போனது.

சாசனவாசகர்

60 நாள் என்பது சரியான இடத்தைத் தொடுகிறது. மாநாட்டுக்கு முன்னால் என்றால் மாநாட்டில் ஓட்டுப் போடும் கட்சிப் பிரதிநிதிகளே வேறொருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். மாநாடு முடிந்த பிறகு என்றால் கட்சியின் தேசியக் குழு. 1972-ல் ஜனநாயகக் கட்சியின் ஈகிள்டன் விலகியதும் துணை அதிபர் வேட்பாளரை அப்படித்தான் மாற்றினார்கள். வாக்குச்சீட்டு அச்சான பிறகு என்றால் பழைய பெயரே சீட்டில் நிற்கும். தேர்வாளர்கள் (மாநிலங்கள் சார்பில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள்) கூடுவதற்கு முன் வேட்பாளர் இறந்தால் நிலைமை இன்னும் சிக்கல்: 1872-ல் தோற்ற வேட்பாளர் ஹொரேஸ் கிரீலி நவம்பர் 29-ல் இறந்தபோது அவருடைய தேர்வாளர் ஓட்டுகள் பலருக்குச் சிதறின, இறந்தவருக்கே போட்ட மூன்றை காங்கிரஸ் எண்ண மறுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதவியேற்கும் முன் இறந்தால் துணை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதிபராவார் என்பது 20-வது திருத்தத்தில் தெளிவு. ஓட்டுப்பதிவுக்கும் தேர்வாளர் கூட்டத்துக்கும் நடுவே உள்ள ஐந்தாறு வாரங்களுக்கு மட்டும் அப்படித் தெளிவான ஒரு சாசன வரி இன்றுவரை இல்லை.