அம்மாவுக்கு ஹிட் பயிற்சி: வெள்ளவத்தைப் பக்கம் நல்ல ஆள் தெரியுமா?

வணக்கம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஹிட் (HIIT) பயிற்சியை, அதாவது கொஞ்ச நேரம் உச்ச வேகம், பிறகு ஓய்வு என்று மாறி மாறிச் செய்யிறதை, முறையாகச் சொல்லித்தரக்கூடிய ஆக்கள் யாரையாவது தெரியுமா? அம்மாவுக்குத்தான். வயது 56, பிரஷருக்கு மருந்து எடுக்கிறா. டொக்டர் ஓமெண்டிட்டார், ஆனா மெல்ல மெல்லக் கூட்டச் சொன்னவர்.

நாங்கள் போய்ப் பார்த்த இடத்தில ஒரு மணித்தியாலம் நிக்காமல் குதிக்க விடுகினம். முழங்காலில கைவச்சு மூச்சு வாங்கின ஒரு அன்ரியை "நிக்காதேங்கோ" என்று விரட்டினவை. பார்க்கவே பயமாயிருந்தது. இந்தப் பயிற்சிக்கு உயிரே இடையில வாற ஓய்வுதான். அது இல்லாட்டி அடுத்த சுற்றில வேகம் வராது. ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கலாமெண்டால் அது உச்ச வேகமும் இல்லை.

1996இல் ஜப்பானில இசுமி தபாத்தா குழு வெளியிட்ட 20 செக்கன் வேகம், 10 செக்கன் ஓய்வு முறையை எல்லாருக்கும் குடுக்கிறதும் பிழை. அது உடற்பயிற்சி பழகின இளைஞர்களை சைக்கிளில வச்சுச் செய்தது. அம்மா குதிக்கவே தேவையில்லை. காலிமுகத்திடலில 3 நிமிடம் விறுவிறுவென்று, 3 நிமிடம் ஆறுதலாய் நடந்தாலே நல்ல தொடக்கம்.

வயதானவைக்குப் பழக்கின அனுபவம் கட்டாயம் வேணும். பெண் என்றால் அம்மாவுக்கு வசதி, வீட்டுக்கு வந்தாலும் சரி. உங்கட வீட்டில யாராவது போறவை என்றால் கட்டணமும் நேரமும் கீழே சொல்லுங்கோ.