இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 'லெ', 'லா' தேவையா?

புதுவைத் தகப்பன்:
மகள் புதுச்சேரியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பிரெஞ்சு நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறார்கள்: 'லெ' வரும் ஆண்பால் சொல்லுக்கு நீலம், 'லா' வரும் பெண்பால் சொல்லுக்குச் சிவப்பு. நீலப் பத்தியில் பேனா, புத்தகம். சிவப்பில் நாற்காலி, அழிரப்பர். "நாற்காலி ஏன் பொம்பளை?" என்று கேட்கிறாள். யாரிடம் போய் விடை கேட்பது? இப்போது பொருளின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுங்கள், ஆண்பால் பெண்பாலை ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன்.

சாக்பீஸ்:
ஆறாம் வகுப்பில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான்தான், ஐயா. 'ஷேஸ்' (நாற்காலி), 'கொம்' (அழிரப்பர்) என்று மொட்டையாகப் படித்து வருகிறார்கள். தெரிந்த சொல்லையே மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. 'யூன் ஷேஸ்' (ஒரு நாற்காலி, பெண்பால்), 'அன் ஸ்திலோ' (ஒரு பேனா, ஆண்பால்) என்று ஒட்டியே சொல்லிக்கொடுத்தால் அந்த வேலையே இல்லை.

'ஏன் பொம்பளை' என்பதற்கு விடை: பொம்பளை இல்லை. நமக்கு அஃறிணை என்று தனி இடம் இருக்கிறது. பிரெஞ்சில் இருப்பது இரண்டே அறை. நாற்காலியும் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்தாக வேண்டும். நாற்காலிக்கு ரிப்பன் கட்டிப் படம் வரைகிறார்களே, அதைத்தான் நிறுத்த வேண்டும்.

பாரிஸ் புறநகர்:
என் மகன் மூன்று வயதில் இங்கே மழலையர் பள்ளிக்குப் போனான். பத்தியும் இல்லை, நிறமும் இல்லை. காதால் கேட்டே பிடித்துக்கொண்டான். தகப்பனார் சொல்வதுதான் சரி.

சாக்பீஸ்:
உங்கள் மகன் நாள் முழுக்கக் கேட்டான். இங்கே வாரத்தில் சில பீரியட். அவன் கேட்டதும் 'அன்', 'யூன்' ஒட்டிய சொல்லைத்தானே? நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள்.

பாரிஸ் புறநகர்:
அப்படியானால் 'லெ', 'லா' எதற்கு? பள்ளிக்கூடம் 'லெகோல்', சிலேட்டு 'லார்துவாஸ்'. உயிரெழுத்து வந்ததும் 'லெ', 'லா' இரண்டும் வெறும் 'ல்' ஆகி, பால் மறைந்துவிடுகிறதே.

சாக்பீஸ்:
அதனால்தான் நான் 'அன்', 'யூன்' என்று எழுதினேன். 'யூன் எகோல்' என்றால் மறைய இடமில்லை.

புதுவைத் தகப்பன்:
'என் அழிரப்பர்' என்றால் 'மா கொம்'. அதே பெண்பால் பள்ளிக்கூடம் ஆண்பாலைப் போல 'மோன் எகோல்' ஆகிவிடுகிறது. இதை ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவீர்கள்?

சாக்பீஸ்:
விளக்கவே மாட்டேன். விதி வேறு, பழக்கம் வேறு. மேசைமேல் பச்சைப் பொருட்களைப் பரப்பிக் கேட்கச் சொல்வேன்: பச்சை என்ற சொல் பேனா என்றால் 'வேர்', அழிரப்பர் என்றால் 'வேர்த்'. வேறுபாடு காதிலேயே விழும். சிவப்பு, நீலம் என்பதற்கான பிரெஞ்சுச் சொற்கள் இதற்கு உதவாது. இரண்டு பாலுக்கும் ஒரே ஒலி.

புதுவைத் தகப்பன்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமைத் தேர்வில் பத்தி பிரிக்கத்தான் மதிப்பெண்.

சாக்பீஸ்:
இரண்டாம் வகுப்பிலா? அந்தத் தேர்வை நானும் எதிர்க்கிறேன்.