ராஜபாளையம் நாய் தூக்கத்தில் தொட்டால் கடிக்கிறது, என்ன செய்வது?

வீராவின் அம்மா:
எங்கள் வீரா ராஜபாளையம், 14 மாதம். பால் வெள்ளை, மூக்கு ரோஸ். மூன்று வாரத்தில் இரண்டு பேரைக் கடித்துவிட்டான். முதலில் மாமனார் அவனைத் தாண்டிப் போகும்போது வேட்டியோடு சேர்த்துக் காலைக் கவ்வினான். நேற்று, கட்டிலடியில் தூங்கியவனை என் மகள் (6 வயது) முதுகில் தடவினாள். முன்கையில் பல் பதிந்து ரத்தம். கடித்த அடுத்த நொடி அவனே மிரண்டுபோய் மூலையில் ஒடுங்கிவிட்டான். விழித்திருக்கும்போது சோற்றுத் தட்டில் கை வைத்தாலும் உறுமுவதில்லை. "நாலு போடு போட்டால் சரியாகும்" என்கிறார் மாமனார். தோட்டத்துக் காவலுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் கணவர்.

கோவை நாய்ப்பிரியன்:
அக்கா, முதலில் பாப்பா கை. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினீர்களா? மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். வீட்டு நாய்தானே என்று விடாமல் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அங்கே வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். ரத்தம் வந்ததால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) வேண்டுமா என்றும் கேளுங்கள். வீராவை 10 நாள் கண்ணிலேயே வைத்திருங்கள்.

வீராவின் அம்மா:
கழுவினோம் தம்பி. முதல் ஊசி போட்டாயிற்று. அடுத்தது 3, 7, 28ஆம் நாள்.

தெருமுனை:
கருத்தடை செய்துவிடுங்கள், அடங்கிவிடும்.

பழைய வேட்டைக்காரன்:
அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். கூப்பிட்டால் வருவானா அம்மா? வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. நிறம் தரும் அணுக்கள் உள்காதில் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடும். அவன் முதுகு காட்டிப் படுத்திருக்கும்போது சத்தம் போட்டுப் பாருங்கள். காலால் தட்டக் கூடாது, தரை அதிர்வு காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் போய்க் கைதட்டினால் காற்று முடியில் படும், அதுவும் வேண்டாம்.

வீராவின் அம்மா:
ஐயா, குக்கர் ஐந்து விசில் அடித்தது, காது மடல்கூட அசையவில்லை. போன தீபாவளிக்குத் தெருவே அதிரும்போது பால்கனியில் படுத்துத் தூங்கினான். தைரியசாலி என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டோம்! கூப்பிட்டு வராததைத் திமிர் என்று திட்டியும் இருக்கிறேன். கால்நடை மருத்துவர் காதுக்குள் பார்த்துவிட்டு சீழ், அழுக்கு ஒன்றும் இல்லை, பிறவிக் குறைதான், மருந்து கிடையாது என்றார்.

பழைய வேட்டைக்காரன்:
அப்படியென்றால் நடந்தது இதுதான். நீங்கள் வருவது அவனுக்குத் தெரியாது. தூக்கத்தில் திடீரென்று மேலே ஒரு கை. பதறி வாயைப் போடுகிறான். இதற்கு அடித்தால், கை என்றாலே அடி என்று படிந்துவிடும், அப்புறம் விழித்திருக்கும்போதும் கடிப்பான். கருத்தடை வேறு காரணத்துக்கு நல்லது (இந்தக் குறை குட்டிக்கும் போகும்), பதற்றத்தை நிறுத்தாது.

எழுப்பும் விதத்தை மாற்றுங்கள். பெரியவர்கள் மட்டும், நாலடி தள்ளி நின்று தரையைத் தட்டுங்கள். தலை தூக்கிப் பார்த்த நொடியில் ஒரு துண்டு வெந்த ஈரல். தினம் பத்துத் தடவை. விழித்திருக்கும்போது தோளில் ஒரே இடத்தில் மெல்லத் தொட்டு உடனே ஈரல் கொடுங்கள். தொடுகை என்றால் தீனி என்று அவனுக்குப் பதிய வேண்டும். வா என்பதற்கும் உட்கார் என்பதற்கும் கைச்சைகை வையுங்கள், வீட்டில் எல்லோரும் ஒரே சைகை. அவனுக்கென்று ஆள் நடமாட்டம் இல்லாத மூலை ஒன்று, பாப்பா அந்தப் பக்கமே போகக் கூடாது. வெளியே எப்போதும் கயிற்றில்தான். கூண்டு மாதிரி இருக்கும் வாய்மூடியையும் ஈரல் வைத்தே பழக்குங்கள், விருந்தாளி வரும் நாளுக்கு உதவும்.

தோட்டத்துக்கா? வண்டி வருவதும் கேட்காது, பாம்பு சீறுவதும் கேட்காது. அவனைப் போய்க் காவலுக்கு வைப்பதா?

வீராவின் அம்மா:
ஒரு மாதம் ஆயிற்று. பாப்பாவுக்கு ஊசி முடிந்தது, வீரா இதுவரை யாரையும் கவ்வவில்லை. தோட்டப் பேச்சு நின்றுவிட்டது. மாமனார் கூடத்துக்குள் வருவதற்கு முன் வாசலிலேயே நின்று கைத்தடியால் மூன்று தட்டு தட்டுகிறார். ஈரல் வாங்கப் போவதும் இப்போது அவர்தான்.