ஸ்ட்ரெய்ட் எட்ஜ்: நேர்விளிம்பா, மட்டக்கோலா, நேர்கோலா?

குழுவினருக்கு வணக்கம்.

பரப்பு நேராக இருக்கிறதா என்று சோதிக்கும் கோலான ஸ்ட்ரெய்ட் எட்ஜுக்கு ‘நேர்விளிம்பு’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றியிருக்கிறோம். ஸ்கிரேப்பிங் வேலைக்கு, அதாவது உலோகப் பரப்பின் மேடுகளைக் கையால் சுரண்டிச் சமப்படுத்தும் வேலைக்கு, அது பொருந்தாது. மேடுகளைக் காட்டும் நீலச் சாயம் தடவி, லேத் பெட்டில் (கடைசல் இயந்திரத்தின் படுகையில்) தேய்க்கும் வார்ப்பிரும்புக் கோலின் அடியில் இருப்பது 40, 50 மில்லிமீட்டர் அகலமுள்ள முகம். அதன் விளிம்பை நாமே அரத்தால் மழுக்கிவிடுகிறோம். விளிம்பு என்று பெயர் வைத்தால், கற்றுக்கொள்ள வரும் பையன் நீளவாக்கில் வளைவு மட்டும் பார்ப்பான், முறுக்கை விட்டுவிடுவான்.

முறுக்குதான் ஆபத்து. 1840இல் ஜோசப் விட்வொர்த் கிளாஸ்கோவில் விளக்கிய, மூன்று தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சமப்படுத்தும் மூன்று தட்டு முறையைக் கோலுக்கும் செய்கிறோம். அ என்ற கோலுக்கு ஆ, இ இரண்டையும் பொருத்திவிட்டு, ஆ, இ கோல்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அ நடுவில் உப்பியிருந்தால் மற்ற இரண்டும் குழிந்திருக்கும். முனைகளில் மட்டும் நீலம் ஒட்டும், நடு இடைவெளி இரட்டிப்பாக நிற்கும். இரண்டு கோலின் முனைகளிலும் பாதிப் பாதியாகச் சுரண்டிச் சேர்த்து, அவற்றுக்கு ஏற்ப அ கோலைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து. வளைவு இப்படிப் போய்விடும். மூன்றும் ஒரே பக்கம் முறுக்கியிருந்தாலோ நீலம் எல்லா இடத்திலும் அழகாக ஒட்டும்! தட்டை 90 டிகிரி திருப்பிப் பார்க்கலாம். ஒடுங்கிய கோலுக்கு அந்த வழி இல்லை. அதனால் மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வை ஒரு கோடாகக் காட்டும் குமிழ் மட்டத்தை இரண்டு முனைகளிலும் குறுக்கே வைத்துக் குமிழைப் பார்க்க வேண்டும். 50 மி.மீ. அகலத்தில் ஒரு கோடு வேறுபட்டால் 1 மைக்ரான் முறுக்கு.

சித்தூர் அண்ணன் சொன்ன ‘மட்டக்கோல்’ கொத்தனாருக்கும் புரியும், நல்ல சொல். ஆனால் வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் தடுமாறும். மலையாளத்தில் மட்டகோண் என்றால் செங்கோணம், தச்சரின் மட்டம் நம் மூலைமட்டம், செங்கோணம் பார்க்கும் கருவி. இரண்டு மொழிக்காரரும் ஒரே மேசையில் நிற்கும் பட்டறையில் மட்டக்கோலை எடு என்றால் மூலைமட்டம் வரும்.

என் பரிந்துரை ‘நேர்கோல்’. கத்திபோல் கூரான வகைக்கு ‘நேர்விளிம்பு’ அப்படியே இருக்கட்டும்.

கஞ்சிக்கோட்டிலிருந்து

—

தம்பி, மட்டக்கோலை விட்டுவிடுகிறேன். நேர்கோல் சரி. உறுப்புக்கும் சோதனைக்கும் சேர்த்தே பெயர் வைத்துவிடுவோம்.

நீலம் படும் பரப்பு ‘அடிமுகம்’. கோலைச் சமதளத் தட்டில் வைத்து ஒரு முனையை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பது ‘சுழல் சோதனை’. மறுமுனையிலிருந்து நீளத்தில் சுமார் 30 சதவீதத்தில் சுழன்றால் நன்று. நடுவில் சுழன்றால் உப்பல், கடைசி முனையிலேயே ஊன்றிச் சுழன்றால் குழிவு. ஸ்லிப் கேஜ் (துல்லியத் தடிமனுள்ள அளவுக்கட்டை) மேல் தூக்கி இடைவெளி அளப்பதானால், 1 மீட்டர் கோலுக்கு இரு முனையிலிருந்தும் 222 மி.மீ. உள்ளே தாங்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்த எடையின் தொய்வும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சூட்டுக்கும் ஒரு சொல் வேண்டும். 1 மீட்டர் நீளம், 100 மி.மீ. உயரமுள்ள வார்ப்பிரும்புக் கோலில் மேலுக்கும் கீழுக்கும் 1 டிகிரி வித்தியாசம் வந்தாலே நடு ஏறக்குறைய 14 மைக்ரான் வளையும். வெறுங்கையால் முதுகைப் பிடித்தாலே போதும், அடிமுகம் குழிந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கதவைத் திறந்து வைத்து அளக்கவே கூடாது. மரப்பிடி போட்டு, இரவு முழுக்கத் தட்டின் மேலேயே கிடக்க விட்டு, காலையில் முதல் வேலையாக அளப்பதை எங்கள் பக்கம் ‘ஆற விடுவது’ என்கிறோம். ‘ஆறல்’ என்றே பட்டியலில் சேர்க்கலாமா?

சித்தூரிலிருந்து