கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் தீராத வலி: பெல்ட் போட்டும் குறையவில்லை, ஊசி போடலாமா?

மழைத்தூறல்

வணக்கம். வலது மணிக்கட்டில், கட்டைவிரல் இருக்கும் பக்கத்து ஓரத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாக வலி. முதலில் குழந்தையைத் தூக்கும்போது மட்டும் சுருக்கென்றது. இப்போது பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை, போனில் கட்டைவிரலால் நாலு வரி டைப் செய்தால் வலி முன்கை வரை ஏறுகிறது. மணிக்கட்டு ஓரத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் லேசான வீக்கம். அங்கே அழுத்தினால் உயிர் போகிறது.

கீழே விழவில்லை, அடிபடவில்லை, காய்ச்சலும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். மணிக்கட்டைச் சுற்றிக் கட்டும் பெல்ட் ஒன்றைப் பகலில் போட்டுக்கொள்கிறேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கும் பயிற்சி ஒன்றை வீடியோவில் பார்த்துக் காலையும் மாலையும் செய்துவருகிறேன். செய்யும்போது கண்ணில் நீர் வந்துவிடுகிறது. இழுத்து இழுத்துத்தான் சரியாகும் என்று பொறுத்துக்கொள்கிறேன்.

டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார். தாய்ப்பால் கொடுப்பதால் மாத்திரைக்கே தயங்குகிறேன், ஊசி என்றால் இன்னும் பயம். இது ஏன் வருகிறது? ஊசி இல்லாமல் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

விரல்நுனி

கை, தோள் பிரச்சினைகளுக்குப் பிசியோதெரபி செய்வது என் வேலை. முதலில் ஒன்று: அந்தப் பயிற்சியை இன்றோடு விட்டுவிடுங்கள். அது பயிற்சியே இல்லை, இந்த நோய் இருக்கிறதா என்று டாக்டர்கள் ஒரு தடவை செய்து பார்க்கும் சோதனை. நொந்துபோன இடத்தைத் தினமும் இரண்டு வேளை இழுத்துக்கொண்டே இருந்தால் அது எப்போது ஆறும்? சோதனையாகக்கூட அதை முழுதாக நம்ப முடியாது. வேகமாகச் சாய்த்தால் நல்ல கையிலும் வலிக்கும். "குறைந்துவிட்டதா பார்ப்போம்" என்று நடுநடுவே செய்து பார்ப்பதும் வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் டி குவெர்வெய்ன் போலத்தான் தெரிகிறது. ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் 1895-இல் விவரித்த பிரச்சினை இது. கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் இரண்டு தசைநாண்கள் முன்கையிலிருந்து இறங்கி வருகின்றன. மணிக்கட்டு ஓரத்தில், உங்களுக்கு வீங்கியிருக்கும் அதே இடத்தில், இரண்டும் ஒரு குறுகிய சுரங்கம் வழியாகப் போகின்றன. அடியில் எலும்பில் ஒரு பள்ளம், மேலே கூரை போட்டதுபோல ஒரு நார்ப்பட்டை. மொத்த நீளமே சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். கட்டைவிரலை விரித்தபடி மணிக்கட்டைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து வேலை செய்யும்போது அந்த நார்ப்பட்டை நாளடைவில் தடித்துப்போகிறது. பாதை குறுகிவிடுகிறது. அதற்குள் நாண் நகரும் ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது. எலும்பில் கோளாறு இல்லை என்பதால் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது.

குழந்தை பெற்றவர்களுக்கு இது அதிகம் வருவதற்குக் காரணம் தூக்கும் விதம்தான் என்பது என் கருத்து. பிரசவத்தை ஒட்டிய ஹார்மோன் மாற்றத்துக்கும் உடலில் நீர் கோப்பதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் அப்பாக்களுக்கும்கூட இதே வலி வருகிறதே. அக்குள் பக்கம் கட்டைவிரலை விரித்துப் பிடித்து, மணிக்கட்டை மடக்கித் தூக்கும்போது முழு எடையும் அந்த இரண்டு நாண்கள்மேல்தான் விழுகிறது.

அதனால் தூக்கும் முறையை மாற்றுங்கள். உள்ளங்கை இரண்டும் மேலே பார்க்கட்டும். ஒரு கை பிட்டத்துக்கு அடியில், இன்னொன்று முதுகுக்கும் கழுத்துக்கும் அடியில். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்கட்டும், மணிக்கட்டு நேராக இருக்கட்டும். எடையை முன்கையும் முழங்கையும் வாங்கும்படி அள்ளி எடுத்து, உடம்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். பால் கொடுக்கும்போதும் குழந்தையின் தலையை வளைத்த மணிக்கட்டில் தாங்க வேண்டாம். அடியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டால் கை சும்மா இருக்கலாம்.

அப்புறம் பெல்ட். மணிக்கட்டை மட்டும் கட்டும் பெல்ட்டால் இதற்குப் பெரிய பயன் இல்லை, கட்டைவிரல் அதன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலின் அடிப்பகுதியையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட் வேண்டும். நகத்துக்குக் கீழே உள்ள நுனி மூட்டு மட்டும் மடங்கலாம். 'தம்ப் ஸ்பைகா' என்று கேட்டால் தருவார்கள். மூன்று முதல் ஆறு வாரம், தூங்கும்போதும் சேர்த்து, போட வேண்டியிருக்கும். குளிக்கும்போது கழற்றி, வலிக்காத அளவுக்கு விரல்களை மெதுவாக அசைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். கழற்றியபின் தோலில் ஆழமான தடம் விழுந்திருந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ மிக இறுக்கமாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

தூரப்பச்சை

தோழி, மேலே சொன்னதோடு சேர்த்து, இது நிஜமாகவே அதுதானா என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். எனக்கும் டி குவெர்வெய்ன் என்று நினைத்துத்தான் பல வாரம் ஓட்டினோம். கடைசியில் கட்டைவிரல் அடியில் உள்ள மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்தது. எனக்கு வலித்த இடம் உங்களுடையதைவிட ஒரு விரல்கடை கீழே, உள்ளங்கைச் சதை தொடங்கும் இடத்தில். சாவி திருகும்போது அதிகம் வலிக்கும், மூட்டு நறநறவென்று உராயும். நான் ஐம்பதைத் தாண்டியவள், உங்களுக்கு வயது குறைவாக இருக்கலாம், இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

விரல்நுனி

அக்கா சொன்னது மிகச் சரி. இந்த ஓரத்தில் வலிக்க வேறு காரணங்களும் உண்டு, இடத்தைக் குறித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மணிக்கட்டிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் மேலே, முன்கையின் புறப்பக்கத்தில் வலித்து, அசைத்தால் கரகரவென்று கைக்குத் தெரிந்தால் அங்கே இரண்டு தசைநாண் கூட்டங்கள் ஒன்றை ஒன்று கடக்கும் இடம் பாதிக்கப்பட்டிருக்கலாம். கட்டைவிரலின் புறத்தோலில் எரிச்சல், மரப்பு, லேசாகத் தொட்டாலே மின்சாரம் பட்டதுபோல் இருந்தால் அது தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு. இறுக்கமான கடிகாரப் பட்டையால்கூட இது வரும். கட்டைவிரல் மடங்கி நின்றுவிட்டு 'டக்'கென்று விடுபட்டால் அது உள்ளங்கைப் பக்கத்து நாண், வேறு கதை. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் கார்பல் டனல், அதாவது மணிக்கட்டின் நடுவே நரம்பு நசுங்குவது.

கை ஊன்றிக் கீழே விழுந்தபின் கட்டைவிரல் அடிக்குழியில் வலி இருந்தால் மட்டும் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. அங்கே இருக்கும் ஸ்கஃபாய்டு எலும்பின் விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவது உண்டு. நீங்கள் விழவில்லை என்றதால் அந்தக் கவலை இல்லை.

இடம் சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால், அதுவும் அங்கே கீறலோ கடியோ பட்டிருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டைவிரலைத் திடீரென்று நிமிர்த்தவே முடியாமல் போனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மழைத்தூறல்

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. மரப்பு இல்லை, விரல் மாட்டிக்கொள்வதும் இல்லை. அழுத்தினால் வலிப்பது மணிக்கட்டு ஓரத்து எலும்பின்மேல் சரியாக ஒரே இடத்தில். ஸ்ப்ளிண்டை மாற்றிவிடுகிறேன். மருந்து பற்றி யாராவது சொல்லுங்களேன். ஐஸ் வைக்கலாமா, சூடு வைக்கலாமா?

கரையோரம்

நான் ஒரு மருந்தாளுநர். தாய்ப்பால் கொடுக்கும்போது பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பொதுவாக ஏற்றவை என்றே கருதப்படுகின்றன, பாலில் கலக்கும் அளவு மிகக் குறைவு. வயிற்றுப் புண், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இருந்தால் ஐபுப்ரோஃபெனைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. எந்த மாத்திரை, எவ்வளவு நாள் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஜெல் தடவினால் குழந்தையைத் தொடும் முன் மற்றக் கையை நன்றாகக் கழுவுங்கள், தடவிய இடத்தைக் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலி கிளம்பியிருக்கும்போது ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். சூடு இதமாக இருந்தால் அதுவும் தப்பில்லை. இரண்டுமே வலியைத் தணிக்கும், அவ்வளவுதான், சுரங்கத்தை அகலமாக்காது. அழுத்தி உருவிவிடுவது, சொடக்கு எடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

நெடுவழி

நான் ஊசி போட்டுக்கொண்டவன், அதனால் அந்தப் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஊசி நாணுக்குள் போடப்படுவதில்லை, அதைச் சுற்றியுள்ள உறைக்குள்தான். மரத்துப்போகும் மருந்தையும் கலந்துதான் போட்டார்கள். அன்று இரவும் மறுநாளும் வலி கூடியது. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. ஒரு வாரத்துக்குள் கட்டைவிரலை விரிக்க முடிந்தது. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை அளவு ஏறும் என்று சொல்லி அடிக்கடி பார்க்கச் சொன்னார்கள், ஏறத்தான் செய்தது. ஊசி போட்ட இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்துப் பள்ளமானது, மாதங்கள் கழித்துத்தான் பழைய நிறம் திரும்பியது. தெரிந்துகொண்டு போட்டால் பயம் பாதியாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

விரல்நுனி

நல்ல பதிவு. ஊசி போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைகிறது, ஸ்ப்ளிண்டும் சேர்த்துப் போட்டால் பலன் இன்னும் கூடும். சிலருக்கு மட்டும் பலிக்காது. அதற்கு ஒரு காரணம் உடற்கூறு: சுரங்கத்துக்குள் நடுவே ஒரு தடுப்புச்சுவர் இருந்து, இரண்டு நாண்களும் தனித்தனி அறையில் ஓடும் கைகள் நிறைய உண்டு. மருந்து ஓர் அறைக்குள் மட்டும் போய்விட்டால் மற்ற நாண் வலித்துக்கொண்டேதான் இருக்கும். அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி போட்டால் இந்தச் சுவர் தெரியும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மழைத்தூறல், பால் கொடுப்பதை ஊசிக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதனால் ஊசியே கூடாது என்பதில்லை. அளவை முடிவு செய்ய அவருக்கு அது தெரிய வேண்டும். அவசரமும் இல்லை. சரியான ஸ்ப்ளிண்டோடு மூன்று நான்கு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். குழந்தை வளர்ந்து தூக்கும் வேலை குறைந்ததும் தானாகவே விட்டுப்போனவர்களும் உண்டு.

ஆலவட்டம்

எனக்கு இரண்டு ஊசிக்கும் அடங்காமல் அறுவை சிகிச்சை வரை போனது. கையை மட்டும் மரக்கச் செய்து, சிறிதாகக் கீறி, அந்த நார்ப்பட்டையைத் திறந்துவிட்டார்கள். எனக்கும் நடுச்சுவர் இருந்திருக்கிறது, அதையும் திறந்தார்கள். அன்றே வீடு திரும்பினேன். இரண்டு வாரத்துக்குள் தையல் பிரித்தார்கள், கனமான வேலைக்கு ஒன்றரை மாதம் ஆனது. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் நரம்புக் கிளை ஒன்று ஓடுகிறது, அது இழுபட்டால் கட்டைவிரலின் புறத்தில் மரப்பு வரும் என்று முன்பே எச்சரித்தார்கள். எனக்குச் சில வாரம் இருந்து போய்விட்டது. கை அறுவை சிகிச்சையில் பழக்கமுள்ளவரிடம் போங்கள், இது சின்ன வேலை என்று யாரிடமும் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.

மழைத்தூறல்

எல்லோருக்கும் தகவல் சொல்ல வந்தேன். ஸ்ப்ளிண்ட் மாற்றி, அள்ளித் தூக்கப் பழகி, முஷ்டிப் பயிற்சியை விட்டதில் இரவு வலி போய்விட்டது. பகலில் பாதிதான் குறைந்தது. அதனால் ஸ்கேன் பார்த்தபடி ஊசி போட்டுக்கொண்டேன். இப்போது பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறது. ஸ்ப்ளிண்டை எப்போது விடலாம், பயிற்சி எப்போது தொடங்கலாம்?

விரல்நுனி

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஒரேயடியாகக் கழற்றி வைக்காதீர்கள். சும்மா இருக்கும் நேரத்தில் கழற்றுங்கள், துணி பிழிவது போன்ற வேலைக்கும் தூக்கத்துக்கும் இன்னும் சில நாள் போடுங்கள். வலியில்லாமல் கட்டைவிரலை விரிக்கவும் மடக்கவும் முடிந்தபின் பயிற்சி. முதலில் அசைவில்லாத பயிற்சி: மற்றக் கையால் கட்டைவிரலைத் தடுத்துப் பிடித்து, அதை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளுங்கள், விரல் நகரக் கூடாது. பத்து நொடி, ஐந்தாறு தடவை போதும். ஓரிரு வாரம் இது சிரமமில்லாமல் போனால், விரல்களைச் சுற்றி மெல்லிய ரப்பர் பேண்டைப் போட்டு, கட்டைவிரலை விரித்து, திரும்பி வரும்போது மிக மெதுவாக விடுங்கள். அந்த மெதுவாக விடும் பகுதிதான் நாணுக்குப் பலம் சேர்ப்பது. செய்யும்போது லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முந்தைய நாளைவிட வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

இடது கையையும் கவனியுங்கள். இத்தனை வாரம் அதுதான் எல்லா வேலையையும் செய்திருக்கிறது. அதே ஓரத்தில் சுருக்கென்று தொடங்கினால் காத்திருக்காமல் அன்றைக்கே அந்தக் கைக்கும் ஸ்ப்ளிண்ட் போட்டுவிடுங்கள். இரண்டு கையிலும் ஒன்றாக வந்தாலோ, மற்ற மூட்டுகளிலும் காலையில் விறைப்பு இருந்தாலோ தைராய்டு, சர்க்கரை, முடக்குவாதம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.