பாமினியில் அடித்த ஆய்வேட்டில் ஸொட்டேரோ சான்றுகள் குழம்புகின்றன

கொக்குவில்_மாணவி:
வணக்கம். ஆய்வேடு தமிழில், வேர்டில் எழுதுகிறேன். முதல் அத்தியாயங்கள் பாமினி ஃபொன்ட்டில் உள்ளன. ஸொட்டேரோவால் (சான்றுகளையும் உசாத்துணைப் பட்டியலையும் தானாகப் போடும் மென்பொருள்) சான்று போட்டால் ஆங்கிலப் பெயர்கள் பொருளில்லாத தமிழ் எழுத்தாக விழுகின்றன. ஃபொன்ட்டை மாற்றினாலும் அடுத்த சான்று போட்டதும் உசாத்துணைப் பட்டியல் பழையபடி ஆகிவிடுகிறது. நூலாசிரியர் கா. சிவத்தம்பி 'சி' வரிசையில் வராமல் 'கா' வரிசையில் நிற்கிறார். என்ன செய்யலாம்?

வடமராட்சியான்:
பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய ஃபொன்ட். அதில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஸொட்டேரோ தரும் ஆங்கிலப் பெயர் பந்தியின் ஃபொன்ட்டை எடுத்துக்கொள்வதால் அதுவும் அப்படியே மாறித் தெரிகிறது. எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறைக்கு, மாற்றாமல் இது தீராது.

முதலில் கோப்பைக் கொப்பி எடுத்து வையுங்கள். பந்தி பந்தியாக, பாமினியை யூனிகோட் ஆக்கும் மாற்றியில் போடுங்கள். அடிக்குறிப்புகள் தனியாக. இடையில் டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கும் ஆங்கிலச் சொற்களை விட்டுவிடுங்கள், மாற்றி அவற்றையும் தமிழாக்கிக் கெடுத்துவிடும். கவனம்: சான்று உள்ள பந்தியை மாற்றிக்குள் கொண்டுபோய் வந்தால் ஸொட்டேரோவின் ஃபீல்ட் (சான்றை ஸொட்டேரோவுடன் இணைத்து வைக்கும் மறை குறியீடு) செத்து வெறும் எழுத்தாகிவிடும். அதனால் மாற்றம் முடிந்த பிறகே சான்று போடவேணும்.

உசாத்துணை_பக்கம்:
பட்டியலின் ஃபொன்ட் பற்றி: ஸொட்டேரோ வேர்டின் 'பிபிலியோகிரபி' ஸ்ரைலைப் பயன்படுத்துகிறது. தெரிவு செய்து மாற்றுவது ரிஃப்ரெஷ் ஆனதும் போய்விடும். அந்த ஸ்ரைலில் வலது கிளிக், மொடிஃபை, ஃபோர்மற், ஃபொன்ட். அங்கே 'கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனிப் பெட்டி இருக்கும். தமிழுக்கு அதுதான் செல்லும், அளவும் அங்கேதான். லதா அல்லது நிர்மலா யூஐ என்ற யூனிகோட் ஃபொன்ட் போடலாம்.

பெயர் விஷயம் ஸொட்டேரோவில் திருத்தவேண்டியது. முழுப் பெயரும் ஒரே பெட்டியில் இருப்பதால்தான் 'கா' முன்னுக்கு வருகிறது. பெயருக்கு அருகிலுள்ள சிறிய குறியை அழுத்தினால் இரண்டு பெட்டியாகும். கடைசிப் பெயரில் சிவத்தம்பி, முதற் பெயரில் கா. முன்னெழுத்து தந்தை கார்த்திகேசுவுடையது என்றாலும் மென்பொருளுக்கு அது 'முதற் பெயர்' தான். நிறுவனம் என்றால் நேர்மாறு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஒரே பெட்டியில் இருக்கவேணும், இல்லையேல் உடைந்து 'பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப்' என்று நிற்கும்.

'நூலகம்' என்ற இணைய நூலகத் தளத்தில் எடுத்த பழைய நூல் ஸொட்டேரோவில் 'வெப் பேஜ்' ஆகச் சேமிக்கப்பட்டிருந்தால் வகையை 'புக்' ஆக்கி, ஆண்டு, பதிப்பிடத்தை முகப்புப் பக்கத்தைப் பார்த்து நிரப்புங்கள்.

கொக்குவில்_மாணவி:
நன்றி. மேற்பார்வையாளர் லிப்ரே ஒபிஸில் திறந்து திருத்துவார். பிரச்சினை வருமோ?

வடமராட்சியான்:
வரும். அவர் சேமித்துத் தந்தால் சான்றுகள் அறுந்திருக்கலாம். அவருக்கு ஒரு கொப்பியில் 'அன்லிங்க் சைற்றேஷன்ஸ்' கொடுத்து (சான்றுகள் ஸொட்டேரோவின் இணைப்பு நீங்கி வெறும் எழுத்தாகும்) அனுப்புங்கள், திருத்தங்களை மூலக்கோப்பில் நீங்களே ஏற்றுங்கள். சான்றுகளை ஃபீல்டுக்குப் பதிலாகப் புக்மார்க்காகச் சேமிக்கும் முறைக்கு மாற்றச் சிலர் சொல்வார்கள், அது அடிக்குறிப்புக்குள் வேலை செய்யாது. தமிழ்ப் பெயர்களுக்கு நடுவில் 'அண்ட்' குறியோ (&) விடுபட்ட கமாவோ இருந்தால், சமர்ப்பிக்கும் கொப்பியை அன்லிங்க் செய்தபின் கையால் திருத்துங்கள், அதற்கு முன் வேண்டாம்.